பழைய மலைச் சைக்கிள்: ரேஞ்சர் நினைவும் ஜப்பான் குழாயும்

1990களில் வடசென்னையில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் மலைச் சைக்கிள் என்று சொன்னால் இரண்டு பெயர்கள் உடனே வந்து விழும்: ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலஸ் எம்.டி.பி. புடைப்புப் புடைப்பாகத் தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், கண்ணைப் பறிக்கும் பெயின்ட். அப்பாக்களின் கறுப்புச் சைக்கிள்கள் வரிசையாக நின்ற தெருவில் அது ஒன்று வந்து நின்றால் விளையாட்டு அத்தோடு நின்றுவிடும். அன்றைக்கு ஒரு ரவுண்டு கேட்டுக் கெஞ்சிய பையன்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது. பழைய மலைச் சைக்கிள்களைத் தேடி வாங்கி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து ஓட்டுகிற ஒரு சிறு கூட்டம் ராயபுரத்திலும் பெரம்பூரிலும்கூட உருவாகியிருக்கிறது.

இவர்களிடம் ஏன் என்று கேட்டால் விடை ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் காலத்துச் சரக்கு மாதிரி வருமா?" எதிர்க்கட்சிக்காரர்களின் விடையும் தயார்: எல்லாம் பழைய பாசம், வேறொன்றும் இல்லை. இரு தரப்பும் பாதி சரி என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. எந்தப் பாதி எங்கே சரி என்று பிரித்துச் சொல்ல முடியும். அதற்கு வடசென்னையைவிட வசதியான இடம் இல்லை.

காரணம் இதுதான். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒருவர் பதினாறு வயதில் ஏங்கிய சைக்கிளும், அந்தக் காலத்தில் நன்றாகச் செய்யப்பட்ட சைக்கிளும் பெரும்பாலும் ஒன்றே. முப்பது ஆண்டு கழித்து அவர் அதைத் தடவிக்கொடுக்கும்போது, தடவுவது தன் இளமையையா நல்ல எஃகையா என்று அவருக்கே தெரியாது. நமக்கு அந்தக் குழப்பம் கிடையாது. நம் நினைவு ஒரு சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தரம் நாம் அந்த வயதில் கண்ணாலேயே பார்த்திராத வேறொரு சைக்கிளில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் அந்த வேறொரு சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, 1970களில் சில இளைஞர்கள் மண் சாலைகளில் சைக்கிளை இறக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வண்டிகள் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் எக்செல்சியர் போன்ற தடித்த டயர்ச் சைக்கிள்கள். பழைய சாமான் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைத்தவை. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக் ஒன்றுதான் அவற்றில் இருந்தது. மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறங்கும் பாதையில் அதை மிதித்துப் பிடித்தபடி வந்தால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் கொதித்துப் புகையாகப் போய்விடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் விழுந்தது. 1976 அக்டோபரில் அங்கே முதல் பந்தயம் நடந்தது. சார்லி கெல்லி நடத்தினார். கேரி ஃபிஷர் பின்னர் 4 நிமிடம் 22 நொடியில் இறங்கியதுதான் அந்தப் பாதையின் சாதனை.

ஆக, உலகின் முதல் மலைச் சைக்கிளே ஒரு பழைய சைக்கிள்தான். அதை ஓட்டியவர்களுக்கு அதன் பழமைமேல் பிரியம் இருந்ததாகத் தெரியவில்லை. மலிவு, முரட்டு உடம்பு, தடித்த டயர் ஆகிய மூன்றுக்காகவே எடுத்தார்கள். ஃபிரேம்கள் வளைவதும் உடைவதுமாக இருந்தபோது அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் குரோமோலி என்ற வலுவான எஃகில் புதிதாக ஒரு ஃபிரேம் வடிவமைத்துச் செய்தார். பத்துச் சைக்கிள்கள்தாம் அந்த முதல் தொகுதி. நல்லது கிடைத்ததும் பழையதை விட்டுவிட்டார்கள். 1979இல் ஃபிஷரும் கெல்லியும் தொழில் தொடங்கினார்கள்; ஃபிரேம்களை டாம் ரிட்சி செய்து கொடுத்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்து வாங்கிய ஸ்டம்ப்ஜம்பர் வந்தது. அதில் ஒன்று இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1982இல் ஜப்பானியச் சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோ மலைச் சைக்கிளுக்கென்றே டியோர் எக்ஸ்.டி. பாகங்களைக் கொண்டுவந்தது. அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் ஜப்பானிலும் தைவானிலும் செய்யப்பட்ட குரோமோலிச் சைக்கிள்களைத்தான் இன்றைய ஆர்வலர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்.

அந்தக் கொண்டாட்டத்தின் அடிப்படை எஃகு. சாதாரணச் சைக்கிளின் இரும்போடு ஒப்பிட்டால் குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு சேர்ந்த குரோமோலி எஃகுக்கு வலிமை கூடுதல். எடையில் இரண்டும் ஒன்றே. ஆனால் வலிமை கூடுதல் என்பதால் குழாயின் சுவரை மெலிதாக்கலாம். டாங்கே போன்ற ஜப்பானியக் குழாய் நிறுவனங்கள் இன்னும் ஒரு படி போயின. வெல்டு வைக்கிற முனைகளில் 0.9 மில்லிமீட்டர், யாரும் தொடாத நடுப்பகுதியில் 0.6 மில்லிமீட்டர் என்று ஒரே குழாயை உள்ளுக்குள் தடிப்பாகவும் மெலிவாகவும் இழுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரல் நகத்தால் நடுவில் சுண்டினால் மெல்லிய கிண்ணத்தைத் தட்டினதுபோல் ஓசை வரும். முனையில் சுண்டினால் ஓசை மந்தமாகும். நல்ல குரோமோலி மலைச் சைக்கிள் 12, 13 கிலோவுக்குள் அடங்கியது இப்படித்தான்.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் சேர்த்து உடைத்துவிடலாம். 'ஸ்டீல் ஃபிரேம் மெத்தென்று போகும், அலுமினியம் முதுகை உடைக்கும்' என்று வேதம்போல் ஓதுவார்கள். எஃகில் எத்தனை வகை இருந்தாலும் விறைப்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், வேறுபடுவது வலிமை. குலுக்கலைப் பெருமளவு தீர்மானிப்பது டயரின் அகலமும் அதற்குள் இருக்கிற காற்றும். இரண்டு அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எந்த ஃபிரேமும் மெத்தென்று போகும். எஃகின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வரம்புக்குள் எத்தனை லட்சம் முறை குலுங்கினாலும் அது களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான வரம்பு இல்லை. எஃகு உடைவதற்கு முன் பெரும்பாலும் வளைந்தோ விரிசல் காட்டியோ தகவல் சொல்லும். வெல்டு பட்டறையில் ஒட்டவைக்கவும் முடியும்.

நம் ஊர் மலைச் சைக்கிளுக்கு வருவோம். இது பிறந்த சூழ்நிலை வேறு. இந்தியச் சைக்கிள் தொழில் என்பது கறுப்புச் சைக்கிளின் தொழில். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் கேரியர். காசிமேட்டில் மீன் கூடையும் கொருக்குப்பேட்டையில் கேஸ் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு முப்பது ஆண்டு ஓடும். அந்த வண்டியின் தரத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. செய்ய வேண்டிய வேலைக்காகவே செய்த வண்டி அது. மலைச் சைக்கிள் என்ற ஆசை தொலைக்காட்சி வழியாகவும் பத்திரிகை வழியாகவும் இங்கே வந்தபோது, தொழிற்சாலைகளிடம் இருந்தது அதே குழாய், அதே வெல்டு, அதே விலைக் கட்டுப்பாடு. மேலே மட்டும் மலைச் சைக்கிளின் உருவம் ஏறியது. தடிமன் மாறாத கனத்த இரும்புக் குழாய், குரோம் பூசிய இரும்பு ரிம், பெரும்பாலும் தகட்டை வளைத்துச் செய்த பிரேக் கைகள். எடை கறுப்புச் சைக்கிளுக்கு அருகில் வந்து நின்றது. பல வண்டிகளில் கியரே கிடையாது.

குரோம் ரிம்மின் கதையை மழைக்காலத்தில் அதை ஓட்டியவர்களிடம் கேட்க வேண்டும். குரோம் பூச்சு கண்ணாடிபோல் வழவழப்பு. அதன்மேல் தண்ணீர் படிந்தால் ரப்பர்க் கட்டை வழுக்கிக்கொண்டு போகும். சக்கரம் பல சுற்று சுற்றி நீரை வழித்தெறிந்த பிறகுதான் கொஞ்சம் பிடிக்கும். மூலக்கடையிலும் வியாசர்பாடியிலும் ஐப்பசி மழையில் செருப்பைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்திய ஒரு தலைமுறையே உண்டு. அதே 1990இல் ஜப்பானியச் சைக்கிள்களில் இருந்த அலுமினிய ரிம்கள் ஈரத்திலும் ஓரளவு பிடித்தன. ஆகவே நம் நினைவின் சைக்கிளுக்குத் தரத்தில் மார்க் போட்டால் தேறுவது கடினம். இதைச் சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். தவற்றைச் செய்தவனைத் திட்டினால் பொறுத்துக்கொள்வார்கள். அவர்களின் ஒன்பதாம் வகுப்பைத் திட்டினால் பொறுக்கமாட்டார்கள்.

தரத்தின் சைக்கிள் வடசென்னைக்கு எப்படி வருகிறது? கடைவழியாக வருவது குறைவு. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்புகிறவர் சாமான்களோடு சாமானாகக் கொண்டுவருகிறார். கப்பலில் வேலை பார்ப்பவர் ஏதோ துறைமுகத்தில் மலிவாகக் கிடைத்ததென்று எடுத்துவருகிறார். அப்படி வந்த ஒன்றை காலடிப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். தைவானில் செய்த ஃபிரேம், ஷிமானோ டியோர் டி.எக்ஸ். பாகங்கள். பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் பின்புறத்தைத் துணியால் துடைத்ததும் 'P', 'C' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. ஷிமானோவின் பழைய கணக்கில் முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 1976 'A' என்று தொடங்குவதால் இது 1991 மார்ச். ஃபிரேமில் எந்த ஸ்டிக்கரை யார் ஒட்டினாலும் இந்த இரண்டு எழுத்து பொய் சொல்லாது. பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் கிராங்கைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளலாம்.

பெடலை மிதித்தால் சும்மா சுற்றியது; பின்சக்கரம் அசையவில்லை. உரிமையாளர் போச்சுடா என்ற முகத்தோடு நின்றார். மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும். "கிரீஸ்தான் செத்துவிட்டது, தம்பி. இரும்பு அப்படியே இருக்கிறது," என்றார். பின் ஹப்புக்குள் பல்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டிய சின்னக் கொக்கிகள், முப்பது ஆண்டுப் பழைய கிரீஸ் பிசின்போல் இறுகிப்போனதால் எழுந்திருக்காமல் கிடந்தன. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்ததும் கடகடவென்ற ஓசை திரும்பி வந்தது. அச்சைக் கழற்றினார். கோனில் ஒரு கீறல் இல்லை. பால்ரஸ் ஓடிய பாதை மட்டும் மெருகேறிய ஒரு கோடாகத் தெரிந்தது. உள்ளே கால் அங்குல பால்ரஸ், பக்கத்துக்கு ஒன்பது. அதற்கு அவர் எங்கும் தேடிப் போகவில்லை. கறுப்புச் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் போடுகிற அதே அளவு; பக்கத்திலிருந்த தகர டப்பாவில் கையை விட்டு எடுத்தார்.

இந்த டப்பாதான் பழைய சைக்கிளின் தரத்துக்கு நான் காட்டும் முதல் சாட்சி. 1991இன் நல்ல சைக்கிள், அதற்கு நாற்பது ஆண்டு முந்திய மெக்கானிக் அறிவோடு பேசக்கூடியதாக இருந்தது. கப், கோன், பால்ரஸ், கிரீஸ். தேய்ந்தால் திறக்கலாம், இறுக்கலாம், மாற்றலாம். பெடல் அச்சு உட்காரும் இடத்தின் மரையைப் பாருங்கள். உலகம் முழுக்க அதற்கு இன்றும் பி.எஸ்.ஏ. மரை என்றே பெயர். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கி, சைக்கிள் நிறுவனத்தின் பெயர். அதே பி.எஸ்.ஏ. முத்திரையோடு சைக்கிள் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது நம் பக்கத்து அம்பத்தூரில். சைக்கிளுக்குக் குழாய் ஆவடியில், செயின் அம்பத்தூரில் என்று ஒரு முழுத் தொழிலே நகரின் இந்தப் பக்கம் வளர்ந்தது. அதனால் தைவான் ஃபிரேமைத் திருப்பிப் போட்ட காலடிப்பேட்டைக்காரருக்கு, வலப்பக்கக் கப் எதிர்த்திசையில்தான் கழலும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டயரும் அப்படியே. 1980, 90களின் மலைச் சைக்கிள் ஏறக்குறைய எல்லாமே 26 அங்குலச் சக்கரம். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். நம் உள்ளூர் மலைச் சைக்கிளும் அந்த அளவையே எடுத்துக்கொண்டது. தரத்தில் கோட்டைவிட்ட ரேஞ்சர் வகைச் சைக்கிள்கள் செய்த பெரிய உபகாரம் இது. இன்றும் வண்ணாரப்பேட்டையில் எந்தக் கடையிலும் 26க்கு 2.125 டயர் தொங்குகிறது என்றால் அவற்றின் புண்ணியம்தான். புதிய விலை உயர்ந்த சைக்கிள்களில் நிலைமை வேறு. பின் ஹப்பின் அகலம் 135 மில்லிமீட்டர், பிறகு 142, பிறகு 148 என்று மாறியது. பெடல் அச்சுக்கான பொருத்து முறைகளில் எத்தனை வந்து எத்தனை போயின என்று நிறுவனக்காரர்களே விரல்விட்டு எண்ண வேண்டும். ஒரு பாகம் போனால் அந்தப் பாகம் மட்டும்தான் அதற்குப் பொருந்தும். அதுவும் ஆர்டர் போட்டு வரவேண்டும். 'அந்தக் காலத்துச் சரக்கு' என்கிறவர்கள் நியாயமாகப் பெருமைப்பட வேண்டிய இடம் இது. அவர்களோ பெயின்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பழையது எல்லாமே கெட்டி என்ற வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1991இல் வந்த மட்டமான சைக்கிள்கள் எங்கே? காயலான் கடையில் எடைக்குப் போய், உருகி, வேறு ஏதோ கம்பியாகிவிட்டன. முப்பது ஆண்டு தாண்டி நம் கண்ணில் படுவது தாக்குப்பிடித்தவை மட்டும். அவற்றை வைத்து ஒரு காலத்தையே எடைபோடுகிறோம். அமெரிக்கப் பேரங்காடிகளில் அப்போதும் மலை உருவம் போட்ட இரும்புச் சுமைகள் விற்றன. ஜப்பானிய நல்ல சைக்கிள்களேகூட அன்றைய விலையில் சாதாரணர்கள் வாங்கக்கூடியவையாக இருக்கவில்லை. விலை உயர்ந்த பழையதை எடுத்து மலிவான புதியதோடு ஒப்பிட்டால் பழையது ஜெயிக்கத்தான் செய்யும்.

சில விஷயங்களில் பழையது சந்தேகமில்லாமல் தோற்கிறது. பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இன் கான்டிலீவர் பிரேக் ரிம்மைப் பிடிக்கிறது. ரிம் கொஞ்சம் கோட்டமானாலும் சேறு ஒட்டினாலும் அதன் பிடி போய்விடும். அதைச் சரியாகச் செட் செய்வதற்கு ஒரு மாலைப்பொழுதும் நிறையப் பொறுமையும் வேண்டும். 1996இல் வி-பிரேக் வந்து பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. ஹைட்ராலிக் டிஸ்க் மீதியைத் தீர்த்தது. ஒரு விரலால் நிறுத்துகிற வசதியை வைத்துக்கொண்டு கான்டிலீவர்தான் உயர்வு என்று சொல்பவரை, லாரிக்குப் பின்னால் ஒருமுறை ஓட்டச் சொல்லிப் பார்க்கலாம்.

சஸ்பென்ஷன் அடுத்தது. 1989இல் ராக்ஷாக்ஸ் ஆர்.எஸ்.1 என்ற சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) வந்தபோது அது ஒரு புரட்சிதான். ஆனால் அது ஏறி இறங்கியது ஐம்பது மில்லிமீட்டர் அளவுக்கு. 1990களின் பல ஃபோர்க்குகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் போன்ற கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவை இன்று உள்ளே பிசுபிசுத்துப்போயிருக்கும், அல்லது கல்லாகியிருக்கும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட சைக்கிள் கிடைத்தால் சஸ்பென்ஷனை மறந்துவிட்டு விறைப்பான ஸ்டீல் ஃபோர்க் ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம்.

இவற்றைவிட வேடிக்கை, ஊதா நிறப் பாகங்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிறு பட்டறைகள் அலுமினியக் கட்டியைக் கணினி இயந்திரத்தில் குடைந்து, ஊதா, நீலம், சிவப்பு என்று சாயமேற்றிய கிராங்கும் பிரேக் கையும் விற்றன. கிராம் கணக்கில் எடை குறைந்தது. விரிசல் விட்டதும் ஏராளம். இன்று சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பது இவற்றுக்குத்தான். தரத்துக்கும் விலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அலமாரியில் வைப்பவர் தாராளமாக வாங்கலாம். ஏறி மிதிப்பவர் வேண்டாம்.

உண்மையான மலையில் இறக்கத்துக்கு வந்தால் பேச்சே இல்லை. பழைய சைக்கிளின் முன்புறக் கோணம் பெரும்பாலும் 71 பாகை. அதாவது ஃபோர்க் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். ஹேண்டில்பார் குறுகல், அதைத் தாங்கும் ஸ்டெம் 130 மில்லிமீட்டர் நீளம். ஓட்டுபவரின் நெஞ்சு முன்சக்கரத்தின்மேல் தொங்கும். இன்றைய மலைச் சைக்கிளில் கோணம் 65 பாகையை ஒட்டி வந்துவிட்டது, ஸ்டெம் 50 மில்லிமீட்டருக்கும் கீழே, ஹேண்டில்பார் 780 மில்லிமீட்டர். ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம் மலைப்பக்கம் கல்லும் வேருமாக இறங்குகிற பாதையில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால், புதியதில் பாறையைப் பார்க்க நேரம் இருக்கும். பழையதில் பாறைதான் நம்மைப் பார்க்கும்.

ஆனால் வடசென்னையில் எங்கே மலை? சைக்கிளில் நாம் ஏறி இறங்கும் மலை மேம்பாலம்தான். பழைய மலைச் சைக்கிள் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையில் அது தோற்றுவிட்டது. யாரும் நினைத்திராத வேறு வேலையில் ஜெயித்துவிட்டது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும்போது 780 மில்லிமீட்டர் ஹேண்டில்பாரோடு இடையில் புகுவது தற்கொலை முயற்சி. 560 மில்லிமீட்டர் நுழைந்துவிடும். நிமிர்ந்த கோணம் மெதுவான வேகத்தில் சட்டென்று திரும்பும். தடித்த டயர் குழியை விழுங்கும். பலவற்றில் கேரியரும் மட்கார்டும் மாட்டும் துளைகள்கூட உண்டு. சஸ்பென்ஷன் இல்லாததால் பழுதாவதற்கும் ஒன்றும் இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் முட்டளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தாலும், மறுநாள் ஹப்பைத் திறந்து துடைத்து கிரீஸ் வைத்தால் முடிந்தது.

நம் பகுதிக்கென்றே ஒரு பரீட்சை உண்டு: உப்புக் காற்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இரும்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே ஃபிரேம் உள்ளிருந்து அரிக்கப்படும், 0.6 மில்லிமீட்டர் குழாய் அதிக நாள் தாங்காது. கனத்த குழாய் போட்ட நம் உள்ளூர் சைக்கிள் இந்த ஒரு விஷயத்தில் குரோமோலியைவிட மெதுவாகச் சாகிறது. ஸ்டீல் ஃபிரேமுக்குள் செருகிய அலுமினிய சீட் போஸ்ட் இன்னொரு தலைவலி. இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பீரம் புகுந்தால் அரிப்பு தொடங்கி, வெள்ளைப் பொடி பூத்து, இரண்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பிறகு சுத்தியலும் சூடும் போட்டாலும் அசையாது. ஆண்டுக்கொருமுறை கழற்றி கிரீஸ் தடவிச் செருகினால் இந்தத் துன்பமே இல்லை.

சரி, நினைவுக்கு விலையே கிடையாதா? உண்டு. மனிதர்களின் நினைவில் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலம் மற்ற ஆண்டுகளைவிட அடர்த்தியாகப் பதிந்திருப்பதை உளவியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அந்த வயதில் ஆசைப்பட்ட பொருள்களை, காசு வந்த வயதில் வாங்குகிறோம். ஒவ்வொரு தலைமுறையும் நடுவயதைத் தொடும்போது அதன் பிள்ளைப் பருவத்துச் சாமான்களுக்குத் திடீரென்று விலை ஏறுவது இதனால்தான். ரேஞ்சரைத் தேடுகிறவர் தேடுவது போக்குவரத்துச் சாதனத்தை அல்ல. வீட்டில் கேட்டுக் கிடைக்காத ஒன்றை, அல்லது கிடைத்து மூன்றாம் மாதம் திருட்டுப்போன ஒன்றை அவர் மீட்கிறார். அதில் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்பவன் பண்பில்லாதவன். அவர் அதைத் தரம் என்ற பெயரில் என்னிடம் விற்க வரும்போதுதான் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டையும் குழப்பாமல் காசாக்கிய ஒரு நிறுவனம் நம் திருவொற்றியூரிலேயே இருந்தது. 1955இல் ஆங்கிலேய என்ஃபீல்டின் கூட்டோடு அங்கே புல்லட் செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடிய பிறகும் திருவொற்றியூரில் அதே வடிவம் பல பத்தாண்டுகள் ஓடியது. வண்டியை விரும்பியவர்கள் அதன் ஓசைக்காகவும் தோற்றத்துக்காகவும் ஆயில் கசிவை மன்னித்தார்கள். 2009இல் கிளாசிக் வந்தபோது நிறுவனம் செய்தது சாமர்த்தியமான காரியம்: உருவத்தைப் பழையதாகவே வைத்துக்கொண்டு உள்ளே எஞ்சினைப் புதிதாக்கிவிட்டது. வாங்கியவர்கள் எண்ணிக்கை பெருகியது. பழைய இரும்பு எஞ்சினே வேண்டும் என்று நின்ற தீவிர ரசிகர்கள் மிகச் சிலர் என்பது அப்போது தெரிந்துபோனது. மற்றவர்களுக்கு வேண்டியிருந்தது நினைவின் சாயலில் ஒரு நம்பகமான வண்டி.

சைக்கிளிலும் அது நடக்கிறது. குரோமோலி ஃபிரேம், பழைய பாணி நேர்க்குழாய்கள், ஆனால் டிஸ்க் பிரேக்கும் அகன்ற டயரும் என்று வெளிநாட்டில் பல நிறுவனங்கள் புதிய சைக்கிள் செய்கின்றன. காசு இருக்கிறவருக்கு நான் அதையே சொல்வேன். காசு குறைவாகவும் கையில் கிரீஸ் ஒட்டுவதில் விருப்பம் அதிகமாகவும் இருப்பவருக்கு 1988 முதல் 1995 வரை வந்த, சஸ்பென்ஷன் இல்லாத, தைவான் அல்லது ஜப்பான் குரோமோலிச் சைக்கிள்.

அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பெயின்டைப் பார்க்காதீர்கள். ஃபிரேமின் முன்கழுத்துக்குக் கீழே, அடிக்குழாய் சேரும் இடத்தில் பெயின்ட் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். நேருக்கு நேர் எங்கோ மோதியிருந்தால் அங்கேதான் தெரியும். பெடல் அச்சுக்குப் பக்கத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். பழைய அலுமினிய ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அவை உடைந்தால் முன்பல்லும் போகும். பிரேக் கட்டைகளின் ரப்பர் முப்பது ஆண்டில் கல்லாகியிருக்கும், அதையும் மாற்றுங்கள். இரண்டுக்குமான செலவைப் பேரத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள். கியர் மாற்றும் லீவர் செத்துக்கிடந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கிரீஸ் இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவினால் எழுந்து உட்காரும். கடைசியாக சீட் போஸ்ட்டின் போல்ட்டைத் தளர்த்தித் திருகிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பினால் வாங்குங்கள். திரும்பவில்லை என்றால், விற்பவர் எவ்வளவு பழைய கதை சொன்னாலும், பாதி விலைக்கு மேல் பேசாதீர்கள்.